கமலாவுக்கு ஒரு கம்ப்யூட்டர்

ஐஸ் பெட்டியின் பிளக்கைச் சுவரில் செருகி ஸ்விட்ச்சைத் தட்டினான் ஹரிகிருஷ்ணன். பெட்டி கம்மென்று கிடந்தது. அணைத்துவிட்டு மறுபடி தட்டினான். பிளக்கைப் பிடுங்கி ஊதிவிட்டுச் செருகினான். ஒன்றும் நடக்கவில்லை. கண்ணாடி மூடிக்குள் அவனுடைய சித்தப்பா தெய்வசிகாமணி, புது வேட்டியும் நெற்றி நிறைய விபூதியுமாகப் படுத்திருந்தார். வெளியே கதிர்காமத்து வெயில் தெருவை வறுத்துக்கொண்டிருந்தது.

“கரண்ட் இல்லப்பா” என்றார் பந்தலில் இருந்து யாரோ.

“எதிர் வூட்ல ஃபேன் சுத்துது பாருங்க.”

“அப்ப இந்த வூட்ல மட்டும்தான் இல்லியா?”

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல எழுந்தார் கலியமூர்த்தி. ஹரியின் அப்பா, செத்தவருக்குக் கூடப்பிறந்த அண்ணன். “நான் காலையிலேருந்து என்னா சொல்லிக்கினு இருக்கேன்? எல்லாம் அந்தக் கம்ப்யூட்டர் பொட்டி பண்ண வேல. லைனையும் சாப்ட்டு ஆளையும் சாப்ட்டுடிச்சி.”

கமலா கணவனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் அவளிடம் என்ன நடந்தது என்று சொன்னார்களே தவிர, என்ன நடந்தது என்று ஒருத்தராவது கேட்கவில்லை. பக்கத்தில் இருந்து பார்த்தவள் அவள் ஒருத்திதான். ஆனால் புருஷனைப் பறிகொடுத்தவளின் வேலை அழுவது. சாட்சி சொல்வது இல்லை.

நடந்தது இதுதான். ஞாயிற்றுக்கிழமை, லீவு. தெய்வசிகாமணி விடிந்ததும் மெயினை அணைத்துவிட்டு, கம்ப்யூட்டருக்கென்று ஹாலின் மூலையில் புதிதாக ஒரு பிளக் பாயிண்ட் வைக்க ஆரம்பித்தார். பாதியில் விட்டுவிட்டுக் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டார். முந்தின நாள் உள்ளே மதர்போர்டை வைத்து ஸ்க்ரூவெல்லாம் முறுக்கி முடித்த பிறகுதான், பின்பக்கம் பொருத்தவேண்டிய தகடு மேஜையில் கிடப்பது தெரிந்தது. போர்டை வைக்கிறதுக்கு முன்னால் வைக்கவேண்டிய தகடு அது. “எல்லாரும் பண்ற தப்புதான்ப்பா” என்று மகள் அபி விழுந்து விழுந்து சிரித்தாள். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. எல்லாவற்றையும் கழற்றி முதலில் இருந்து ஆரம்பித்தார். கமலா டார்ச் பிடித்தாள். தகடு உட்கார்ந்தது. போர்டு உட்கார்ந்தது. “ஸ்க்ரூ குடு” என்றார். கொடுத்தாள். வாங்கியவர் அதை மேஜையில் வைத்துவிட்டு, “இரு, ஒரு மாதிரி இருக்கு” என்று சுவரில் சாய்ந்தார். எதிர்த்த தெரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அங்கே இருந்த பெண் டாக்டர் ஆன மட்டும் பார்த்துவிட்டு, ஹார்ட் அட்டாக் என்று சொன்னாள். கலியமூர்த்திக்கும் போனில் அதையே சொன்னார்கள். அவரோ தவளக்குப்பத்தில் இருந்து கதிர்காமம் வந்து சேர்வதற்குள், தம்பிக்கு ஷாக் அடித்துவிட்டது என்று வழியிலேயே உறவு முழுக்கப் போன் போட்டு முடித்திருந்தார். அப்புறம் அதை மாற்றிச் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை.

சரி, ஷாக் என்றே இருக்கட்டும், செத்தவர் செத்தவர்தானே என்று விடலாம். ஆனால் தெய்வசிகாமணி மின்துறையில் ஒயர்மேன். புயல் அடித்த ராத்திரிகளில் கம்பத்தில் ஏறினவர். பந்தலில் அவரோடு வேலை பார்த்த ஆட்கள் வரிசையாக நின்றார்கள். அவர்கள் காதுபடவே ஒருத்தர் இன்னொருத்தரிடம், “ஊருக்கெல்லாம் கரண்ட் குடுத்தவரு, பொம்ம விளையாட்டு மிசின் அடிச்சி செத்துட்டாரு பாரு” என்றார். அந்த வரிசையில் நின்ற வெற்றிவேல் மட்டும், “அண்ணன் அப்பிடி வேல செய்யமாட்டாருங்க” என்று மெதுவாகச் சொன்னான். அவன் குரல் யார் காதிலும் ஏறவில்லை.

கமலாவின் காதில் ஏறியது. சட்டென்று எழுந்தாள்.

“ஒக்காரும்மா, தலமாட்ட வுட்டு எழக்கூடாது” என்று ஓரகத்தி, கலியமூர்த்தியின் பெண்டாட்டி, புடவையைப் பிடித்தாள். கமலா உதறிக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

வாசலோரம், சுடுகாட்டில் கொண்டுபோய்ப் போடவேண்டியதை எல்லாம் குவித்துவைத்திருந்தார்கள். அவர் படுத்த பாய், தலையணை, ஆஸ்பத்திரியில் கழற்றிக் கொடுத்த சட்டை லுங்கி இருந்த பிளாஸ்டிக் கவர். அவள் தேடிப் போனது கவரைத்தான். ஆனால் அதற்கு மேலே, ஒயர்கள் குடல்போலத் தொங்க, அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியும் உட்கார்ந்திருந்தது. கமலாவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

“இத யாரு இங்க வச்சது?”

ஹரிகிருஷ்ணன் அப்பாவைப் பார்த்தான்.

“நான்தான் வைக்க சொன்னேன்” என்றார் கலியமூர்த்தி. “சாவறப்ப கையில இருந்த சாமான் வூட்டுக்குள்ள இருக்கப்படாது. அவனோட போயிடட்டும்.”

கமலா கம்ப்யூட்டர் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிப் படிக்கட்டில் வைத்தாள். கவரைக் கிழித்தாள். சட்டையை எடுத்துப் பையில் கைவிட்டாள். வெள்ளைப் பீங்கானில் உள்ளங்கை அளவுக்கு ஒன்று வெளியே வந்தது.

பந்தலில் இருந்த ஒயர்மேன்கள் அத்தனை பேருக்கும் அது என்ன என்று பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. மெயின் ஃபியூஸ் கட்டை. வீட்டில் ஒரு பல்பு மாட்டுவதென்றால்கூட தெய்வசிகாமணி மெயினை அணைத்து, ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டுதான் ஸ்டூலில் கால் வைப்பார். ‘உனக்கு என்ன தெரியும், எவனாவது வந்து மெயினைப் போட்டுட்டா?’ என்பார். மகள் கேலி பண்ணுவாள், கமலா கேலி பண்ணுவாள், அவர் கேட்டதில்லை.

“பாத்துக்குங்க எல்லாரும்” என்றாள் கமலா. குரல் தெருமுனை வரைக்கும் போனது. “காலையிலேருந்து இந்த வீட்ல கரண்டே இல்ல. கரண்டு அவரு சட்டப் பையில இருந்துச்சி. ஷாக் அடிச்சி செத்தாருன்னு இனிமே யாராவது சொன்னீங்க, நான் சும்மா இருக்கமாட்டேன்.”

வெற்றிவேல் கையை நீட்டினான். “குடுங்கக்கா, நான் போடறேன்.”

“வேணாம். எனக்குத் தெரியும்.”

ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். கூடியிருந்த பெண்கள் வாயில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருக்க, கட்டையைச் செருகி, மெயின் லீவரை மேலே தூக்கினாள். ஹாலில் ஃபேன் சுற்றியது. ஐஸ் பெட்டி உறும ஆரம்பித்தது. இறங்கி வந்து மறுபடி தலைமாட்டில் உட்கார்ந்தாள். என்ன மனுஷன் நீ, எல்லாத்துலயும் இவ்வளவு ஜாக்கிரதையா இருந்துட்டு இப்படியா பண்ணுவ என்று அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. அழுகையும் அதன் பின்னாலேயே வந்தது. அழுகையை நிறுத்திவைத்தாள். இன்னும் வேலை இருந்தது.

கலியமூர்த்தி லேசில் அடங்குகிற ஆள் இல்லை. கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு உள்ளே வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

“சரி கமலா. ஷாக்கு இல்ல. ஒத்துக்கறேன். ஆனாலும் அவன் கடைசியா தொட்ட சாமான் அது. பாக்குறப்பெல்லாம் மனசு கெடும். படிக்கிற புள்ளைக்கி கம்ப்யூட்டர் வேணும், நான் இல்லன்னு சொல்லல. அபிக்குப் புதுசா ஒண்ணு நானே வாங்கித் தரேன். இது வேணாம். போவட்டும்.”

இதைக் கேட்டு இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். நியாயமான பேச்சுதான். கமலாவும் தலையாட்டியிருந்தால் எல்லாம் அதோடு முடிந்திருக்கும். அபிக்குப் புது கம்ப்யூட்டர் வரும். அபி காலேஜுக்குப் போன நேரத்தில் கமலாவும் அதில் உட்காரலாம். யாருக்கும் எதுவும் தெரியவேண்டாம். இதுவரைக்கும் அப்படித்தானே போனது.

உண்மையில் அந்தக் கம்ப்யூட்டர் அபிக்கு இல்லை.

கொரோனா காலத்தில் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது, சும்மா இருக்கட்டும் என்று அம்மாவின் போனில் ஒரு விளையாட்டை ஏற்றிக் கொடுத்தாள் அபி. இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர், ஆளை ஆள் சுடவேண்டும். முதல் நாள் கமலா பயந்துபோய் ஒரு பீப்பாய்க்குப் பின்னாலேயே உட்கார்ந்திருந்தாள். ஒரு மாதத்தில் தெருப் பையன்கள் ‘எங்க டீமுக்கு வாங்க ஆன்ட்டி’ என்று கூப்பிடுகிற அளவுக்கு வந்துவிட்டாள். பிறந்ததிலிருந்து அவளுக்கு இவ்வளவு நன்றாக வந்த வேலை வேறு எதுவும் இல்லை. சமையல்கூட இவ்வளவு நன்றாக வராது, அதை அவளே சொல்வாள்.

தெய்வசிகாமணிக்கு ஆட வராது. பார்ப்பார். டூட்டி முடிந்து வந்து காபியோடு பக்கத்தில் உட்கார்ந்து, “மாடியில ஒருத்தன் இருக்கான், மாடியில, மாடியில” என்று அவள் தொடையில் தட்டுவார். போன் சூடாகி நின்றுபோகும்போது அவளைவிட அவருக்குத்தான் ஆத்திரம் வரும். ஒருநாள் அபியைக் கேட்டார். “இத கம்ப்யூட்டர்ல ஆடணும்னா பெரிய மிசினு வேணுமா?” அபி சொன்னாள், “இந்த மாதிரி கேமுக்கு எதுக்குப்பா பெரிய மிசின்? பழைய பிராசஸர் போதும். தனியா கிராஃபிக்ஸ் கார்டே வேணாம். ரேம் மட்டும் ஒண்ணா போடாம ரெண்டா போடணும்.” அவ்வளவுதான், மனுஷன் இறங்கிவிட்டார். காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமை சந்தையில் ஒரு ஒடுங்கின கேபினட்டைப் பிடித்து, ஒடுக்கைத் தானே தட்டி எடுத்தார். போர்டும் பிராசஸரும் வேறொருத்தர் கழற்றிப்போட்டது. மானிட்டர் மூடிப்போன ஒரு டைப்பிங் சென்டரில் இருந்து வந்தது. யாராவது கேட்டால், “பொண்ணு படிப்புக்கு” என்றார். அண்ணனிடமும் அதையேதான் சொன்னார். பெண்டாட்டி துப்பாக்கி விளையாட்டு விளையாடுகிறாள், அதற்காகத்தான் என்று சொன்னால் கலியமூர்த்தி தவளக்குப்பம் மார்க்கெட் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார்.

இப்போது தலையாட்டினால், இந்த மனுஷன் தன் பெண்ணின் படிப்புக்காக ஓடி ஓடிச் செத்தார் என்று ஆகிவிடும். நல்ல பேர்தான். ஆனால் அது அவர் இல்லை.

“அது அபிக்கு இல்ல மாமா” என்றாள் கமலா.

“பின்ன?”

“எனக்கு.”

“உனக்கு எதுக்கும்மா கம்ப்யூட்டரு?”

“விளையாட.”

கலியமூர்த்திக்குப் புரியவில்லை. “என்னா விளையாட?”

“துப்பாக்கி சுடற விளையாட்டு. ரொம்ப வருசமா போன்ல ஆடறேன். நல்லா ஆடுவேன்.”

ஹாலில் ஐஸ் பெட்டியின் சத்தம் மட்டும் கேட்டது. பின்னால் யாரோ ஒரு சின்னப் பெண் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினாள். பக்கத்து வீட்டுக் கனீஸ் பாத்திமா அவளைத் திரும்பிப் பார்த்த பார்வையில் இருமலும் நின்றது.

“நீ என்னா பேசறன்னு தெரிஞ்சிதான் பேசறியா? புருசன் பொணம் நடு வூட்ல கெடக்கு.”

“தெரிஞ்சிதான் பேசறேன். அவருதான் எனக்கு செஞ்சாரு. நான் கேக்கல, அவரா செஞ்சாரு. உங்ககிட்ட சொல்லாததுக்குக் காரணம் நீங்க சிரிப்பீங்கன்னு. இப்ப சிரிச்சிக்குங்க. அந்தப் பொட்டி வீட்ட விட்டு வெளிய போவாது.”

கலியமூர்த்தியின் முகம் கறுத்தது. அத்தனை உறவுக்காரர்களுக்கு முன்னால், அதுவும் தம்பி பெண்டாட்டி. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார். “கொள்ளி வைக்கப்போறது எம்புள்ள. அத ஞாபகம் வச்சிக்கினு பேசு. நான் சொல்றத கேக்காத வூட்ல எம்புள்ள கொள்ளிச்சட்டி தூக்கமாட்டான்.”

ஹரிகிருஷ்ணன், “அப்பா, சும்மா இருங்கப்பா” என்றான். யாரும் அவனைக் கவனிக்கவில்லை. கமலா மகளைத் திரும்பிப் பார்த்தாள். அபி கண் வீங்கிப்போய்ச் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள்.

“அபி. நீ வைக்கிறியா?”

“வைக்கிறேன்மா.”

“ஹரிய கூட்டிக்கினு போங்க மாமா” என்றாள் கமலா. “எம்பொண்ணு வைப்பா.”

பந்தலில் இருந்த ஒயர்மேன்கள் பேச்சைக் கேட்டு வாசற்படி வரைக்கும் வந்துவிட்டார்கள். சும்மா நின்றார்கள். கலியமூர்த்தி அவர்களைப் பார்த்தார், ஐஸ் பெட்டிக்குள் தம்பியைப் பார்த்தார். “ஆத்திரத்துல ஒரு வார்த்த வந்துடிச்சி. அதுக்குன்னு?” என்று முணுமுணுத்துக்கொண்டே வெளியே போனார். போகிற போக்கில் படிக்கட்டில் இருந்த பெட்டியைச் சுற்றிக்கொண்டு போனார்.

சாயங்காலம் எடுத்தார்கள். தூக்கும்போது கமலா அழுதாள். யார் சொல்லியும் இல்லை, யார் பார்க்கவும் இல்லை. வயிற்றில் இருந்து வந்தது, வாய்விட்டு அழுதாள். கனீஸ் பாத்திமா அவளைத் தோளோடு பிடித்துக்கொண்டிருந்தாள். ஹரிதான் கொள்ளிச்சட்டி தூக்கினான். பறைச்சத்தம் கருவடிக்குப்பம் சுடுகாட்டுப் பக்கம் போய்த் தேய்ந்ததும், பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டுத் தலைக்கு ஊற்றிக்கொண்டார்கள். ஐஸ் பெட்டி இருந்த இடத்தில் விளக்கு வைத்தார்கள்.

கமலா ஈரத் தலையோடு போய்ப் படிக்கட்டில் இருந்த கம்ப்யூட்டர் பெட்டியைத் தூக்கிவந்து மேஜையில் வைத்தாள்.

“அடிப் பாவி. இன்னிக்கேவா?” என்றாள் ஓரகத்தி.

“இன்னிக்குத்தான். இன்னிக்கு விட்டா பதினாறு முடியட்டும்பீங்க. பதினாறு முடிஞ்சா வருசம் திரும்பட்டும்பீங்க. அப்பறம் இது மேல துணி மடிச்சி வைப்பீங்க.”

மேஜையில் ஸ்க்ரூக்கள் அவர் வைத்த இடத்திலேயே கிடந்தன. அபி பக்கத்தில் வந்து நின்றாள். எந்த ஒயர் எங்கே என்று அபி சொல்லச் சொல்ல, கமலா முறுக்கினாள், செருகினாள். அவள் கைக்கு அந்த வேலை கொஞ்சமும் பழக்கம் இல்லை. ஒரு ஸ்க்ரூ உள்ளே விழுந்து, பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து உலுக்கி எடுக்கவேண்டியிருந்தது. மூலையில் அவர் பாதியில் விட்ட புது பிளக் பாயிண்ட் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் தொட வேண்டாம், வெற்றிவேல் அண்ணன் வந்து போடட்டும் என்று அபி சொன்னாள். ஐஸ் பெட்டிக்குக் கரண்ட் எடுத்த பிளக்தான் மிச்சம், அது ஹாலின் அந்தக் கோடியில் இருந்தது. கனீஸ் பாத்திமா வீட்டுக்குப் போய், கல்யாண வீட்டுக்கு லைட் இழுக்கிற மாதிரி நீளமான எக்ஸ்டென்ஷன் ஒயர் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

ஸ்விட்ச்சைப் போட்டாள் கமலா. உள்ளே ஃபேன் சுற்றியது. மானிட்டர் கறுப்பாகவே இருந்தது.

“நான் சொல்லல?” என்றாள் ஓரகத்தி பின்னாலிருந்து. “அது ராசியில்லாத சாமான்.”

“பெரியம்மா, சும்மா இருங்க” என்றாள் அபி. “ரேம் சரியா உக்காரலம்மா. அணைச்சிட்டு நல்லா அழுத்து.”

“ஒடஞ்சிடும்டி.”

“ஒடையாது. அழுத்து.”

கமலா பிளக்கையும் பிடுங்கிவிட்டு, ரேம் பட்டைமேல் இரண்டு கட்டைவிரலையும் வைத்து அழுத்தினாள். பயந்து பயந்து அழுத்தினால் அது அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, கலியமூர்த்தியை நினைத்துக்கொண்டு ஓர் அழுத்து அழுத்தினாள். டக்கென்று உள்ளே போனது. இன்னொன்றும் டக்கென்று போனது.

திரை நீலமாக எரிந்தது. ஹார்ட் டிஸ்க் விற்ற கடைக்காரர் அதில் விண்டோஸை ஏற்றியே கொடுத்திருந்தார். விளையாட்டு அபியின் பென் டிரைவில் இருந்தது. சின்ன விளையாட்டுதானே, காபி ஆறுவதற்குள் ஏறிவிட்டது. கனீஸ் பாத்திமா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். “ஆடுங்கக்கா” என்றாள்.

கமலா மௌஸைப் பிடித்தாள். போனில் விரலால் தேய்த்தே பழகினவள். மௌஸில் கை நிற்கவில்லை. அவளுடைய ஆள் வானத்தைச் சுட்டான், சுவரைச் சுட்டான், யாரோ முகம் தெரியாத எதிரி வந்து சாவகாசமாக அவனைச் சுட்டுவிட்டுப் போனான். “மாடியிலேருந்து சுட்டிருக்கான்மா” என்றாள் அபி. சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். கமலா திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அடுத்த ஆட்டம் தொடங்கியது.

அப்போதுதான் ஆண்கள் சுடுகாட்டில் இருந்து திரும்பினார்கள். வாசலில் கால் கழுவிக்கொண்டு, விளக்கைப் பார்த்துவிட்டுப் போக ஒவ்வொருவராக வந்தார்கள். முதலில் கலியமூர்த்தி. குளித்த ஈர வேட்டி உடம்பில் ஒட்டியிருந்தது. வாசற்படியில் ஏறியவர் அப்படியே நின்றுவிட்டார். ஹாலின் அந்தக் கோடியில் இருந்து இந்த மூலை வரைக்கும், விளக்குக்கு முன்னால் குறுக்கே ஒயர் ஓடியது. மூலையில் கமலாவின் முதுகு தெரிந்தது. அதற்கு மேலே திரையில் ஒருத்தன் துப்பாக்கியோடு ஓடிக்கொண்டிருந்தான்.

ஓரகத்தி புருஷனின் முகத்தைப் பார்த்தாள். அபி நாற்காலியின் முதுகை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஹரிகிருஷ்ணன் அப்பாவுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தான்.

“பாத்து வாங்க மாமா” என்றாள் கமலா, திரும்பாமல். “கீழ ஒயர் கெடக்கு.”

கலியமூர்த்தி ஈர வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒயரில் கால் படாமல், மெல்லத் தாண்டி உள்ளே வந்தார்.